எதுவரை இயங்குகிறது?

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதி உதவுமாறு மலர்க்குழுவினர் பணித்திருந்தனர். நான் எழுத்துத் துறையிற் பயின்றவன் அல்லேன். அரசாங்கக் கந்தோர்களில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குப் பார்த்து இளைப்பாறியவன். கல்லூரியின் வரலாற்றையும் அதிபர்மாரின் தொண்டினையும் எடுத்துரைப்பதற்கு என்னினும் தக்கார் பலர் உளர். ஆதலின், 2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் என் வீட்டுக் கணினி இயங்க மறுத்த கதையையும், அதனை நானும் என் பேரனும் மூன்று நாள் முயன்று எழுப்பிய வகையையும் ஈண்டு எழுதத் துணிகின்றேன். இது கல்லூரி மலருக்கு ஏற்ற பொருளோ என்று அன்பர்கள் ஐயுறலாம். இறுதிவரை பொறுமையுடன் வாசிப்பார்களாயின், இதுவும் எமது கல்லூரியைப் பற்றிய கட்டுரையே என்பதை உணர்வார்கள்.

முதற்கண் அக்கணினியுள் என்ன இருந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட அந்த மழையிரவை, அனுபவித்தவர் எவரும் மறந்திலர். நாமும் ஒரு சைக்கிளும் இரண்டு பைகளுமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அடுத்த ஆண்டு மீண்டு வந்தபோது வீட்டின் சுவர்கள் நின்றன. அலுமாரி நிற்கவில்லை. அதனுள்ளிருந்த படங்களும் இல்லை. 1965ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர்களாகிய நாம், ஆசிரியர்களுடன் மண்டப வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படமும் அவற்றுடன் போயிற்று.

அந்த ஒரு படத்தைத் தேடப் புகுந்ததே பின்னர் பெரியதொரு வேலையாக வளர்ந்தது. 2013ஆம் ஆண்டில் ஒரு மேசைக் கணினியையும் படங்களைப் பிரதிசெய்யும் ஸ்கானர் ஒன்றையும் வாங்கினேன். கொழும்பிலும் இலண்டனிலும் றொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்ந்த பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பலர் தம்மிடம் எஞ்சியிருந்த படங்களைக் கொடுத்தனுப்பினர். அவற்றைப் பிரதிசெய்து கணினியிற் சேர்த்துவிட்டு, மூலப் படங்களை உரியவர்களிடமே திருப்பிச் சேர்ப்பித்தேன். பத்து ஆண்டுகளில் 400க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. படம் தந்தவர்களுட் சிலர் இன்று உயிருடன் இல்லை. அவர்தம் படங்கள் எவர் கையில் உள்ளன என்று எவருக்கும் தெரியாது.

அன்றியும், 2016ஆம் ஆண்டு எமது பௌதிக ஆசிரியரை அவர் இல்லத்திற் கண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவரைப் பேசச்செய்து ஒலிப்பதிவு செய்திருந்தேன். அப்போது அவருக்கு வயது 89. மறு ஆண்டே அவர் இறைவனடி எய்தினார். அந்தக் குரலும் அந்தக் கணினியுள்ளேயே இருந்தது. அதற்கும் படங்களுக்கும் வேறு பிரதி இல்லை. கணக்குப் பார்த்தே காலங்கழித்த ஒருவன், இத்தனை பொருளையும் ஒரே பெட்டியில் வைத்தது எத்துணைப் பேதைமை என்பதை இப்பொழுது எவரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மகளைக் காண்பதற்காக றொறன்ரோவுக்குச் சென்றேன். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் எமது பகுதியில் இடிமின்னல் எவ்வாறு இருக்கும் என்பதை யாவரும் அறிவர். மின்னலாற் தொலைக்காட்சிப் பெட்டி கருகிய வீடுகள் எமது ஒழுங்கையிலேயே இரண்டு உள. ஆதலின் புறப்படுமுன், கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பெட்டியின்மேல் பழைய வேட்டியொன்றைப் போர்த்துவிட்டுச் சென்றேன். செய்யத்தக்கதைச் செய்தேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது. அந்த முன்னெச்சரிக்கையே பின்வந்த இடருக்கும் காரணமாயிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன்.

எட்டு மாதங்கள் கழித்து வீடு திரும்பினேன். வேட்டியை நீக்கி, பிளக்கை மாட்டி, பொத்தானை அழுத்தினேன். முன்பக்கத்துச் சிறு விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. திரையோ கரும்பலகையாகவே இருந்தது. பெட்டியினுள்ளிருந்து நீண்ட கூவல் ஒன்று எழுந்தது, சிறிது மௌனம், மீண்டும் அதே கூவல். நிறுத்தி மீண்டும் அழுத்தினேன். பத்து முறை அழுத்தினேன். பதினோராவது முறை அழுத்துவதற்குக் கை எழவில்லை.

மறுநாட் காலை அதனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டினத்திலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை.

“ஐயா, தாய்ப்பலகை போய்விட்டது. இந்தப் பழைய வகை இப்போது வருவதில்லை. புதியது ஒன்று பூட்டி, வன்தட்டையும் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்து தருகிறோம்” என்றார்.

“உள்ளே இருப்பவை என்னாகும், தம்பி?”

“அதற்கு உத்தரவாதம் சொல்ல முடியாது, ஐயா.”

அவரைக் குறைகூற நான் விரும்பவில்லை. நாளொன்றுக்கு எத்தனையோ பெட்டிகள் அவர் மேசைக்கு வருகின்றன. ஆயினும், ‘துடைத்து’ என்று அவர் எளிதாகச் சொன்ன அந்த ஒரு சொல் என்னை நடுங்கச் செய்தது. பெட்டியை மீண்டும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மாணவப் பருவத்தில் மாலைதோறும் சென்று படித்த யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வந்தது. 1981ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி இரவில் மூட்டப்பட்ட தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அச்சிட்ட நூல்களுட் பலவற்றைப் பிற்காலத்தில் வேறிடங்களிலிருந்து பெற்றுக்கொள்ள முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளை எவராலும் மீட்க முடியவில்லை. எனது சிறு சேமிப்பை அந்தப் பேரிழப்புடன் ஒப்பிடுதல் தகாது. எனினும், ஒரே பிரதி என்பது எத்தகைய நிலை என்பதைக் கண்ணாற் கண்ட தலைமுறையைச் சேர்ந்த நானே அதே நிலையில் என் பொருளை வைத்திருந்தேனே என்ற நாணம் என்னைச் சுட்டது.

விடியுந் தறுவாயில், எமது பௌதிக ஆசிரியரின் ஆய்வுகூடம் மனக்கண்முன் தோன்றியது.

1965ஆம் ஆண்டு ஒரு நாள், மீற்றர்ப் பாலத்தைக் கொண்டு கம்பிச் சுருளொன்றின் தடையை அளக்கும் பரிசோதனை எமக்குத் தரப்பட்டது. நான் எல்லாவற்றையும் தொடுத்து முடித்துச் சாவியை அழுத்தினேன். கல்வனோமானியின் முள் அசையவில்லை. “சேர், கல்வனோமானி பழுது” என்று கூவினேன். ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். கோபிக்கவில்லை. “பழுது என்பது விடையன்று, தம்பி. அது முயற்சியை நிறுத்துவதற்குச் சொல்லும் சாட்டு. எதுவரை இயங்குகிறது என்று பார்த்துச் சொல்லு” என்றார்.

இலெக்கிளாஞ்சிக் கலத்தின் இரு முனைகளிலும் உவோற்றுமானியை வைத்தேன். முள் அசைந்தது. அதுவரை சரி. சாவிக்கு அப்பால் வைத்தேன். அசைந்தது. அதுவரையும் சரி. அடுத்த இணைப்புக் கம்பிக்கு அப்பால் வைத்தேன். அசையவில்லை. அக்கம்பியைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் முனையிற் சுற்றியிருந்த பருத்தி நூலைச் சுரண்டாமலே திருகாணியின் கீழ் முடுக்கியிருந்தேன் என்பது தெரிந்தது. பேனாக்கத்தியாற் சுரண்டி மீண்டும் தொடுத்தவுடன் கல்வனோமானியின் முள் துள்ளியது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. என் செய்முறைக் கொப்பியைத் தட்டிக்காட்டி, “இதையும் எழுது” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குச் சென்றார்.

அந்தக் கேள்வியைக் கணினியிடமும் கேட்பது என்று துணிந்தேன். எமது கல்லூரியிலேயே பத்தாந் தரத்திற் பயிலும் என் பேரனை அழைத்தேன். கணினிக் கல்வி அவனுக்கு ஒரு பாடம். எனது கையில் நடுக்கம் உண்டு. அவனது கண்கள் கூர்மையானவை. ஆளுக்கொரு தகைமையுடன் பணியைத் தொடங்கினோம்.

கணினி விழித்தெழுவது ஒரே செயலன்று. அது ஒரு படிவரிசை. சுவரிலிருந்து வரும் 230 உவோற்று மின்னோட்டத்தை, மின்வழங்கி என்னும் பகுதி 12, 5, 3.3 உவோற்றுகளாகக் குறைத்துத் திருத்துகின்றது. அழுத்தங்கள் நிலைபெற்றன என்ற சமிக்ஞையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகின்றது. அப்பொழுது செயலி கண்விழித்து, தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும் சிறு நிரலை வாசிக்கின்றது. அந்நிரல் நினைவகம் உளதா, திரை உளதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றது. பின்னர் வன்தட்டைத் தேடி, அதன் தொடக்கத்திலுள்ள சிறு பகுதியை நினைவகத்துக்குக் கொணர்கின்றது. அச்சிறு பகுதி தன்னிலும் பெரியதொன்றை அழைக்க, அது பணிசெயல் முறைமையை எழுப்புகின்றது.

இதனை ஆங்கிலத்திற் ‘பூட்’ செய்தல் என்பர். ஒருவன் தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற பழைய வேடிக்கைப் பேச்சிலிருந்து, 1950களிற் கணினியாளர் எடுத்துக்கொண்ட சொல் அது. நிரல் ஒன்றை நினைவகத்துக்குக் கொணர்வதற்கு வேறொரு நிரல் வேண்டும். அந்த முதல் நிரலை யார் கொணர்வது? இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே அழியாத சிறு நிரல் தாய்ப்பலகையில் வைக்கப்படுகின்றது. ஆகவே ‘கணினி எழவில்லை’ என்று சொல்வது போதாது. எந்தப் படிவரை எழுந்து, எந்தப் படியில் நின்றது என்று கேட்கவேண்டும்.

முதற்படி, சுவர். பிளக்கில் ஒரு மேசை விளக்கை மாட்டினோம். எரிந்தது. திரையைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே இயக்கினோம். சமிக்ஞை இல்லை என்று தானே எழுதிக் காட்டியது. திரையிற் குறையில்லை. அச்சியந்திரம், ஸ்கானர் முதலிய எல்லாவற்றையும் கழற்றி வைத்தோம். பின்னரும் அதே கூவல்.

அப்பொழுது பேரன் கேட்டான்: “அப்பப்பா, தாய்ப்பலகை செத்திருந்தால், கூவுவது யார்?”

அந்தக் கேள்வியில் என் ஆசிரியரே பேசியது போலிருந்தது. ஆம், கூவுவதற்கும் உயிர் வேண்டும். செயலி எழுந்து, அந்த நிலையான நிரலை வாசித்து, சோதனையைத் தொடங்கி, ஏதோ ஒன்றைக் காணாமலே கூவுகின்றது. எனவே தாய்ப்பலகை அதுவரை இயங்குகின்றது. கடையிற் சொல்லப்பட்ட தீர்ப்பு அக்கணமே வலுவிழந்தது. இக்கூவல்களின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். தாய்ப்பலகையுடன் வந்த சிறு கைந்நூலை நான் எறியாமல் வைத்திருந்தேன். நீண்ட கூவல் திரும்பத் திரும்ப எழுமாயின் நினைவகம் காணப்படவில்லை என்பது அதிற் கண்ட விளக்கம்.

இனிப் பெட்டியைத் திறக்கவேண்டும். பிளக்கைக் கழற்றினோம். உள்ளே தங்கிய மின்னேற்றம் வடியும்படி, பிளக் இல்லாமலே பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தோம். மூடியைக் கழற்றியதும், எதையும் தொடுமுன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டோம். நம் உடம்பிலுள்ள நிலைமின் அங்கே வடியாவிடில், நுண்ணிய பாகங்களை அது கெடுத்துவிடக்கூடும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள் உயிரைக் குடிக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும். வன்தட்டுக்குச் செல்லும் வடங்கள் இரண்டையும் கழற்றிவிட்டோம். பரிசோதனையில் நாம் பிழை செய்தாலும் அது தீண்டப்படாதிருக்க வேண்டும் என்பதே என் முதற் கவலை. ஒவ்வொன்றையும் கழற்றுமுன் பேரன் தன் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொண்டான்.

எட்டு மாதத் தூசும் மாரிகாலத்து ஈரமும் உள்ளே தம் வேலையைச் செய்திருந்தன. நினைவகப் பலகைகள் இரண்டு இருந்தன. விரல் நீளமுள்ள அவற்றின் ஓரத்துப் பொன்னிறத் தொடுகைகள் மங்கியிருந்தன. பள்ளிப் பையிலிருந்து அழிறப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்தோம். பேரன் இரண்டையும் ஒருங்கே மாட்ட முனைந்தான். நான் தடுத்தேன். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்யவேண்டும். இரண்டு மாற்றங்களைச் செய்தால், குணமானது எதனால் என்று அறியமாட்டோம்.

ஒன்றை மாத்திரம் முதலாவது பள்ளத்தில் மாட்டினோம். கூவியது. அதே பலகையை இரண்டாவது பள்ளத்தில் மாட்டினோம். குறுகிய ஒலி ஒன்று மட்டும் எழுந்தது. திரையில் எழுத்துகள் தோன்றின! பேரன் துள்ளிக் குதித்தான். ஆகவே பலகையிற் குறையில்லை, குறை பள்ளத்தில். ரோச் வெளிச்சத்திற் பார்த்தபோது முதலாவது பள்ளத்தினுள் சிலந்தி நூலும் தூசும் அடைந்திருந்தன. உலர்ந்த மென்தூரிகையால் அவற்றை நீக்கியபின் இரண்டு பலகைகளும் இரண்டு பள்ளங்களிலும் செவ்வனே இயங்கின. 1965ஆம் ஆண்டுப் பருத்தி நூலே அறுபது ஆண்டுகளின் பின் சிலந்தி நூலாய் வந்து நின்றது போலும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

முதல் நாள் அத்துடன் முடிந்தது. மறுநாள் வன்தட்டின் வடங்களை மீண்டும் மாட்டினோம். கணினி எழுந்தது, அமைப்புகள் யாவும் இழக்கப்பட்டன, தொடக்கநிலை அமைப்புகள் இடப்பட்டன என்று அறிவித்தது. திகதியை 2010 சனவரி 1 என்று காட்டியது. தொடர்ந்து, பணிசெயல் முறைமையின் சின்னம் திரையில் தோன்றியது. நீலநிறம் ஒரு கணம் மின்னியது. கணினி தானே நின்று மீண்டும் தொடக்கத்துக்கே சென்றது. இவ்வாறு ஓயாமற் சுழன்றது.

“அப்பப்பா, வன்தட்டுத்தான் போய்விட்டது” என்றான் பேரன். அவன் குரலும் தாழ்ந்திருந்தது.

“போய்விட்டது என்று சொல்லாதே, ராசா. எதுவரை வருகிறது?”

அவன் சற்று யோசித்தான். “சின்னம் வரை வருகிறது.”

“அந்தச் சின்னம் எங்கேயிருந்து வருகிறது?”

“வன்தட்டிலிருந்து.” அவன் முகம் மலர்ந்தது. “அப்படியென்றால் வன்தட்டை வாசிக்க முடிகிறது!”

அவ்வண்ணமே. வாசிக்க முடிகின்றது, ஆனால் வாசிப்பு இடைவழியில் முறிகின்றது. தானாகத் திருத்தும் வசதி ஒன்றைத் திரை எமக்கு அளித்தது. அது வன்தட்டில் எதையேனும் எழுதிவிடும் என்று அஞ்சி மறுத்துவிட்டேன். முதலில், எமக்குத் தெளிவாகத் தெரிந்த குறையைத் திருத்துவோம் என்றேன். தெரிந்த குறை, திகதி.

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற மின்கலம் ஒன்று இருக்கும். அதன் பெயரிலேயே அதன் அளவு எழுதப்பட்டுள்ளது: சீ.ஆர். 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். அது 3 உவோற்று இலிதியக் கலம். கணினி நின்றிருக்கும்போதும் அதனுள்ளே ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். வினாடிக்கு 32,768 முறை அதிரும் பளிங்கு ஒன்றே அக்கடிகாரத்தின் ஊசல். அந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் ஒன்று வரும். அதுவே ஒரு வினாடி. சுவர் மின்சாரம் இருக்கும்வரை இக்கடிகாரத்தை மின்வழங்கியே போஷிக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டாற் சுமை முழுவதும் அந்தச் சிறு நாணயத்தின்மேல் விழும். பதினோராண்டு வயதான மின்கலத்தை எட்டு மாதம் தனியே உழைக்க விட்டுச் சென்றவன் நானே. மின்னலிலிருந்து கணினியைக் காத்தேன். மறதிக்கு அதனை இரையாக்கினேன்.

மீற்றரை வைத்துப் பார்த்தோம். 1.9 உவோற்று மட்டுமே காட்டியது. மணிக்கூட்டுக் கடையிற் புதியதொன்றை வாங்கினேன். விலை, ஒரு தேநீருக்கும் இரண்டு வடைக்கும் கொடுக்கும் காசுதான். 1990களில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தில், மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்ததைப் பேரனுக்குச் சொன்னேன். தேய்ந்த மின்கலங்களை வெயிலிற் காயவைத்து மீண்டும் பயன்படுத்தினோம் என்றேன். அவன் நம்பவில்லை. நம்பாதிருக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்ததே நன்று.

புதிய மின்கலத்தை இட்டுத் திகதியைத் திருத்தினோம். கணினி மீண்டும் அதே வட்டத்திற் சுழன்றது. அன்றிரவு நான் சோர்ந்துபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. படுக்கையிற் கிடந்தபோது ஓர் எண்ணம் உதித்தது. புதிய மின்கலம் இனிச் சொல்வதை நினைவில் வைத்திருக்கும். மறந்துபோனதை அது எவ்வாறு அறியும்? மறந்தவற்றை நாமே திரும்பச் சொல்லவேண்டும்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அலுமாரியைத் திறந்து, 2013ஆம் ஆண்டுக் கொப்பி ஒன்றைத் தேடி எடுத்தேன். கணினி வீட்டுக்கு வந்த அன்று, அதன் அமைப்புப் பக்கங்களைத் திறந்து அங்கே கண்டவற்றையெல்லாம் ஒரு வரியும் விடாமல் எழுதி வைத்திருந்தேன். அவற்றின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. ஆய்வுகூடத்திற் கண்டதை எழுதவேண்டும் என்ற பழக்கத்தினால் எழுதினேன். பேரன் திரையை வாசிக்க, நான் கொப்பியை வாசித்து ஒப்புநோக்கினேன். முப்பது வரிகளுக்குமேல் ஒத்துவந்தன. ஒரு வரியில் திரை ஐ.டி.ஈ. என்றது, கொப்பி ஏ.எச்.சி.ஐ. என்றது.

தாய்ப்பலகை வன்தட்டுடன் உரையாடும் முறைகள் இரண்டின் பெயர்கள் அவை. எனது பணிசெயல் முறைமை பின்னைய முறையிற் பேசுவதற்கே பழகியிருந்தது. மின்கலம் ஓய்ந்ததும் தாய்ப்பலகை அதனை மறந்து, தன் பிறவி மொழியாகிய முன்னைய முறைக்குத் திரும்பிவிட்டது. வீட்டார் எல்லோரும் நலமாகவே இருந்தனர். வாசலில் நின்றவர் வேற்று மொழியில் அழைத்தமையாற் கதவு திறக்கப்படவில்லை. அந்த ஒரு வரியை மாற்றிச் சேமித்தோம்.

சின்னம் தோன்றியது. நீலம் மின்னவில்லை. சற்று நேரத்தில், கோயிற் கோபுரத்தைப் பின்னணியாகக் கொண்ட எனது பழைய திரை விரிந்தது. பேரன் கைதட்டினான். எனக்குப் பேச்சு எழவில்லை.

வேறெதையும் தொடவில்லை. முதலில் எல்லாவற்றையும் புறவன்தட்டு ஒன்றிற் பிரதிசெய்தோம். முறைப்படி பார்த்தால், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பிரதியெடுப்பதையே முதல் நாளிற் செய்திருக்கவேண்டும். அவ்வழியைப் பின்னரே அறிந்தேன். இதை வாசிக்கும் அன்பர்களுக்கு இத்தகைய இடர் நேருமாயின், அதையே முதலிற் செய்வார்களாக.

பிரதி முடிந்தபின் ஆசிரியரின் ஒலிப்பதிவைத் திறந்தோம். முதலில் நாற்காலி இழுபடும் ஓசை, பின்னர் முதுமையிலும் தெளிவு குன்றாத அந்தக் குரல்: “என்ன தம்பி, இது ஓடுகிறதா?” “ஓடுகிறது, சேர்” என்ற என் குரல். அக்குரலை ஒருநாளும் கேட்டறியாத என் பேரன் அசையாது அமர்ந்து, ஒரு மணித்தியாலமும் முழுமையாகக் கேட்டான்.

இன்று அப்படங்களும் ஒலிப்பதிவும் நான்கு இடங்களில் உள்ளன. ஒன்று என் வீட்டில், ஒன்று பேரனிடம், ஒன்று றொறன்ரோவில் மகளிடம், ஒன்று எமது கல்லூரி நூலகத்தில். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சிதைந்த ஏடுகளைத் தேடித் திரிந்து, 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். ஓர் ஏட்டின் பொருளை ஆயிரம் கைகளிற் கொடுத்தலே அதனைக் காக்கும் வழி என்பதை அப்பெரியார் உணர்ந்திருந்தார். ஏடு செல்லரிக்கும், கணினி மறக்கும், கருவி வேறாயினும் விதி ஒன்றே. உங்களிடம் கல்லூரியின் பழைய படமோ கடிதமோ ஒன்றேனும் இருக்குமாயின், இவ்விழா ஆண்டிலேயே அதற்கொரு பிரதி எடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவைக்குமாறு பழைய மாணவ அன்பர்களை வேண்டுகின்றேன்.

இளைய மாணவர்களுக்கு ஒரு சொல். நாம் பயின்ற கல்வனோமானியை இன்று நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். நீங்கள் பயிலும் கணினியும் உங்கள் பேரர் காலத்திற் காட்சிப் பொருளாகிவிடும். கருவிகள் மாறும். ஆனால், நின்றுபோன எதன்முன் நின்றாலும், ‘பழுது’ என்று சொல்லித் திரும்பாமல், ‘எதுவரை இயங்குகிறது?’ என்று கேட்கும் பழக்கம் மாறவேண்டியதில்லை. அந்தக் கேள்வியை இக்கல்லூரியின் ஆய்வுகூடத்தில் ஓர் ஆசிரியர் எனக்குக் கற்பித்தார். அறுபது ஆண்டுகளின் பின் அவரது குரலை எனக்கு மீட்டுத் தந்ததும் அதுவே.

அவரையும், அவர் போன்ற ஆசிரியர்களை எமக்குத் தந்த கல்லூரியையும் வணங்கி அமைகின்றேன். வாழ்க எம் கல்லூரி.